முடிவு முதலில், ஆராய்ச்சி பிறகு

உலகத்தில் முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் ஒரே ஒருவர்தான். அது அத்தை. பூமி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை அவளைக் கேட்காமலேயே தீர்மானித்துவிட்டார்கள். கேட்டிருந்தால் கொஞ்ச நாள் இந்தப் பக்கமும் கொஞ்ச நாள் அந்தப் பக்கமும் சுற்றவிட்டு, யார் யாருக்குத் தலை சுற்றுகிறது என்று வீடு வீடாக விசாரித்து, அப்புறம்தான் சரி என்றிருப்பாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கும் அதுதான் காரணம். பெண் பார்க்க வந்தவர்களை அவள் விசாரித்த விசாரிப்பில் ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை என்று அவள் அண்ணன் சொல்வார். "ஆராய்ச்சி இன்னும் முடியலண்ணே" என்பாள் அத்தை.

இப்பேர்ப்பட்டவள் வேலை பார்ப்பது ஒரு சலவைக் கூடத்தில். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முன்பக்கம் அழுக்கு, நடுவில் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் எந்திரங்கள், பின்னால் உலர்த்தும் எந்திரங்களும் மடிக்கும் மேசைகளும். எந்நேரமும் ஈரச்சூடு. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் உள்ளே நுழைந்தால் அடுத்த நொடியே குருடு. முதலாளிக்கு மட்டும் தனியாகக் கண்ணாடி அறை, உள்ளே குளிர்காற்று. காலை ஷிஃப்ட்டுக்கு அத்தை பொறுப்பு. சாயங்கால ஷிஃப்ட்டுக்கு அண்ணி, அதாவது அத்தையின் அண்ணன் மனைவி. அண்ணனுக்கு முதுகு போனதிலிருந்து வீடு இந்த இரண்டு பெண்களின் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

பெரிய ஓட்டலில் இருந்து புகார் வந்தது. துண்டெல்லாம் பலகை மாதிரி இருக்கிறதாம். ஒரு விருந்தாளி, உடம்பைத் துடைக்கவா இழைக்கவா என்று கேட்டாராம். இப்படியே போனால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

முதலாளி அப்போதுதான் ஏதோ ஒருநாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே கொடுத்த பையும் பேனாவும் மேசைமேல் இருந்தன. சுவரில் 'ஆராய்ச்சி, புதிய பார்வை, மதிப்பீடு' என்று ஆள் நீளத்துக்கு ஒரு பேனர் தொங்கியது. எல்லோரையும் கூப்பிட்டார்.

"சாயங்கால ஷிஃப்ட்தான் காரணம். நான் வீட்டுக்குப் போனதும் அங்க ஒருத்தரும் வேலை பாக்கறதில்ல. அந்த ஷிஃப்ட்டையே எடுத்துடலாம்னு இருக்கேன்."

"நானும் அதேதான் சார் நெனச்சேன்" என்றார் ஸ்டோர் பார்க்கிறவர். கூடத்தில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர்.

"எப்ப நெனச்ச?"

"நீங்க சொல்லும்போது சார்."

முதலாளிக்குத் திருப்தி. அத்தை பக்கம் திரும்பினார். "ஆனா சும்மா சொன்னா ஆகாது. ஆராய்ச்சி பண்ணித்தான் முடிவெடுக்கணும். நீ பண்ணு."

"சரி சார். முடிவு வேற மாதிரி வந்தா?"

"முடிவுதான் சொல்லிட்டேனே. ஆராய்ச்சி மட்டும் பண்ணு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் அண்ணி அங்கதான இருக்கா? பாசம் கண்ண மறைக்கும், பாத்துக்கோ" என்றார்.

"அப்ப என் கண்ணே வேணாம் சார். உங்க கையே சொல்லட்டும். ஒரு மாசம் குடுங்க."

பயிற்சியில் அவசரப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. கொடுத்தார்.

அத்தை ஒரே கட்டாகப் புதுத் துண்டுகள் வாங்கினாள். பாதியைக் காலையில் மட்டும், பாதியைச் சாயங்காலம் மட்டும் துவைக்க ஏற்பாடு. வீட்டில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, விளிம்புக்கு உள்பக்கம் காலைத் துண்டுக்குச் சிவப்பு நூல், சாயங்காலத் துண்டுக்கு நீல நூல் தைத்தாள். மடித்து வைத்தால் நூல் வெளியே தெரியாது. மாசக் கடைசியில் முதலாளி தொட்டுப் பார்த்து, முரட்டுத் துண்டு எது, மெத்தென்ற துண்டு எது என்று பிரிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டு கடைத் தேயிலையில் டீ போட்டுக் கொடுத்தாள்.

"எது நல்லாருக்கு?"

"ரெண்டும் சுடுது."

"வேற என்ன தோணுது?"

"கண்ணத் தொறக்கலாமான்னு தோணுது."

ஒரு விடுமுறை நாளில், புதிய பார்வை வேண்டும் என்று சாயங்கால ஷிஃப்ட்டுக்கே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்த வேளையில் அவள் உள்ளே இருந்ததே இல்லை.

"என்னடி, வேவு பாக்க வந்தியா?" என்றாள் அண்ணி.

"ஆமா அண்ணி."

"பாரு, நல்லாப் பாரு. பாத்துக்கிட்டே அந்த மூட்டையத் தூக்கிக் குடு."

அண்ணி எந்திரத்துக்குள் துணியைப் போட்டாள். மேலே ஒரு முழங்கை நுழையும் அளவுக்கு இடம் விட்டாள். ஒற்றை விரலால் கதவைத் தள்ளினாள். அது மூடிக்கொண்டது. அத்தை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அதே கதவை மூட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி திணிப்பாள், இன்னொருத்தி முட்டியால் உதைப்பாள். முதலாளி பத்து மணிக்குக் கண்ணாடி அறையை விட்டு வெளியே வருவார். வரும்போது தரையில் ஒரு மூட்டை கிடக்கக் கூடாது. "தரை தெரியணும்" என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்காக முட்டி உதையைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான். துணி புரள இடமில்லை, சோப்பு அலச இடமில்லை. பலகை ஆகாமல் என்ன ஆகும்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் போட்டதைப் பாதி வைத்துவிட்டு எழுந்துபோனாள். அவள் முகத்தைப் பார்த்து வீட்டிலிருந்த எல்லோரும் ஒரே மாதிரிப் புரிந்துகொண்டார்கள்: சாயங்கால ஷிஃப்ட் தேறாது. யாரும் அவளைக் கேட்கவில்லை.

மாசம் முடிந்தது. கூடத்தில் வைத்தால் யாராவது கை வைப்பார்கள் என்று துண்டுகளை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை முதலாளியின் மேசைமேல் பரப்பினாள். "சிவப்பு நூல் காலை, நீலம் சாயங்காலம். மடிப்புக்குள்ள இருக்கு. பிரிச்சு முடிக்கற வரைக்கும் பாக்கக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். சாயங்கால ஷிஃப்ட்காரர்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி மட்டும் பின்னால் நின்று தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கண்ணை மூடி, துண்டைக் கன்னத்தில் வைத்து, முகர்ந்து, நாடி பிடிக்கிற மாதிரி தடவிப் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரித்தார். முரட்டு அடுக்கை ஓங்கித் தட்டினார். "இதோ! இதுதான் சாயங்காலச் சோம்பேறித்தனம்!"

"கையிலயே கண்ணு சார் உங்களுக்கு" என்றார் ஆமாஞ்சாமி.

அத்தை ஒவ்வொன்றாக விரித்தாள். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. நடுவில் ஒரே ஒரு நீலம் தப்பி வந்திருந்தது. மறுபடி சிவப்பு.

முதலாளி ஒரு துண்டை எடுத்து மறுபடி கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"நூல்ல சாயம் போயிருக்கும் சார்" என்றார் ஆமாஞ்சாமி. "தண்ணியில ஊறி ஊறி, நீலம் செவப்பாயிருக்கும்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"காரணம் நான்தான் சார்" என்றாள் அத்தை. "பத்து மணிக்குத் தரை தெரியணும்னு எந்திரத்துல திணிக்கச் சொன்னது நான். சாயங்காலம் யாரும் திணிக்கறதில்ல. அவங்கள எடுத்தா, நல்ல துண்டு துவைக்கறவங்கள எடுத்துட்டு முரட்டுத் துண்டு துவைக்கறவங்கள வச்சுக்கற மாதிரி."

முதலாளி பேனரைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். சாயங்கால ஷிஃப்ட் இருக்கட்டும் என்றார். இது தனக்கு முதலிலேயே தோன்றியது என்றும் சொன்னார். தனக்கும்தான் என்றார் ஆமாஞ்சாமி. இனிமேல் மூட்டை கிடந்து தரை தெரியாததைப் பார்க்க மனசில்லாமல் முதலாளி கண்ணாடி அறைக்குத் திரைச்சீலை போட்டுக்கொண்டார். அத்தையின் பொறுப்பைப் பிடுங்கி, சாயங்காலத்தில் அண்ணியின் கீழே வேலை கற்றுக்கொள்ள அனுப்பினார். அது தண்டனையாம். அண்ணி, "நாளைக்கு நேரத்தோட வரணும், தெரியுதா?" என்று அங்கேயே மிரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. அண்ணன் மகன்தான் எல்லோரையும் விட அதிகம் குதித்தான். "எங்க அத்தை மாதிரி உலகத்துல உண்டா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். அத்தை அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"கைய நீட்டு."

"எதுக்கு அத்தை?"

"நீட்டுடா."

கட்டைவிரலில் ஊசி குத்திய புள்ளிகள்.

"இன்னிக்குக் காலையில கெளம்பறதுக்கு முன்னாடி பையத் தொறந்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா? அது கோழி கெளறின மாதிரி இருந்துச்சு. முரட்டுத் துண்டுல எல்லாம் நீலம். உக்காந்து அத்தனையும் பிரிச்சு மறுபடி தைச்சேன்."

"நீதான் அன்னிக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த. அம்மா ஷிஃப்ட்தான் மோசம்னு நெனச்சேன். நூல மாத்திட்டா அம்மா வேலை போகாதுல்ல?"

"நீ தைச்ச மாதிரியே விட்டிருந்தா அம்மா வேலை இன்னிக்குப் போயிருக்கும்டா. என்னக் கேட்டியா?"

"இல்ல."

"ஒவ்வொரு துண்டையும் கையில வச்சுத் தைச்சிருக்க. ஒரு தடவ தடவியாவது பாத்தியா?"

அவன் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"அம்மா துவைச்சது மோசமாத்தான் இருக்கும்னு நீயே எப்படிடா முடிவு பண்ணின?"

"அங்க என்ன ரகசியம்?" என்று உள்ளறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. எங்க முதலாளிக்கு ஒரு தம்பி இருக்காரு. நம்ம வீட்டுலதான் சாப்பிடறாரு" என்றாள் அத்தை.

இதை எழுதுகிறவன் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டான்.