அத்தை கேட்ட கேள்வி

சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த அத்தை. சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. பிறக்கும்போதே அவளுடைய இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்திருந்தது. அந்த முனையால் ஒரு பிரியை என் தோளோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் மற்றப் பிரிகளை மாற்றி மாற்றி இழுப்பாள். "ஆடாதடி, மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று அதட்டுவாள். சாயங்காலம் வரை என் பின்னல் கலையாது.

அந்தக் கைக்குத் தெருவே ஒரு காரணம் வைத்திருந்தது: அவள் வயிற்றில் இருந்தபோது அவள் அம்மா கிரகணத்தில் காய் அரிந்துவிட்டாளாம்.

கல்யாணமாகி அதே தெருவில்தான் வாழ்க்கைப்பட்டேன்; அத்தை தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு ஒரு கை முழுதாக வளரவில்லை என்றார்கள். மாமியார் அன்றே சொல்லிவிட்டார்: "மாசமா இருக்கசொல்ல தினம் அவ மூஞ்சியில முழிச்சா வேற எப்பிடி பொறக்கும்?" அது அத்தையின் காதுக்கும் போய்விட்டது. வருவதை நிறுத்திவிட்டாள். நான் போய்க் கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்தே, "வூட்டுக்குப் போமா, நான் உன் கண்ணுல படக்கூடாது" என்றாள். அவளே அதை நம்பிவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவளை வற்புறுத்தி அழைத்துப் போனேன். டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். "கர்ப்பத்தோட ஆரம்ப வாரங்கள்லதான் கை கால் உருவாகும். சில குழந்தைங்களுக்கு அப்பவே ஏதோ ஒரு இடத்துல வளர்ச்சி நின்னுடுது. ஏன்னு பல நேரம் எங்களுக்கே தெரியறதில்ல. உங்க மேல தப்பு எதுவும் இல்ல."

அத்தை தலையைக் குனிந்தபடி கேட்டாள்: "என்னைப் பாத்ததாலயும் இல்லியா?"

"இல்லவே இல்லமா."

"எங்கம்மா கிரகணத்துல காய் அரிஞ்சாளே?"

"அதுவும் காரணமில்ல."

திரும்பும்போது ஆட்டோவில் அத்தை இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "சாகுற வரைக்கும் எங்கம்மா இந்தக் கையத் தடவித் தடவி அழுதுக்கினே இருந்தாமா" என்றாள்.

நேரே என் வீட்டுக்குள் வந்து, கேட்டதையெல்லாம் மாமியாரிடம் அவளே சொன்னாள். மாமியார் கேட்டுக்கொண்டே அடுப்படி வேலையைப் பார்த்தார். ஆனால் குழந்தை பிறந்ததும் அத்தைக்கு ஆளனுப்பியது அவர்தான். எல்லோரும் கையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அறைக்குள் வந்து, குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "மூக்கப் பாரு, அப்பிடியே பாட்டி மூக்கு!" என்றாள் அத்தை. மாமியாரும் எட்டிப் பார்த்தார்.

போன வருஷம் அத்தை போய்விட்டாள். அவளை ஆயா என்று கூப்பிட்டு வளர்ந்த என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. சில நாள் முன்பு, "எனக்கு ஏம்மா கை இப்பிடி?" என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னதை அவளுக்குப் புரியும்படி சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஆயா சின்னப் பொண்ணா இருந்தப்ப அவங்ககிட்ட யாரும் இதச் சொல்லலியா?"

"இல்லமா."

"பாவம்" என்று சொல்லிவிட்டு, தெருவில் விளையாட ஓடினாள்.