அலமாரிக்குள் நின்ற வண்டி

அந்த ஒலிப்புத்தகக் கம்பெனியில் அவளைப் பாம்புச்செவி அக்கா என்றுதான் சொல்வார்கள். பட்டத்தை யார் வைத்தார்களோ தெரியாது. ஆனால் வைத்த அன்றே, இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருந்த அவள் காதில் அது விழுந்துவிட்டது. கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

யாராவது வீட்டில் உட்கார்ந்து ஒரு நாவலை வாசித்து, பதிவு செய்து அனுப்புவார்கள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை மடியில் விரித்து, வரி வரியாகக் கேட்டுத் திருத்தம் சொல்வாள். அதுதான் வேலை. விட்டுப்போன சொல், வறண்ட நாக்கின் சப்தம், நாற்காலி முனகல், பக்கத்து வீட்டுக் குக்கர், ஒன்றும் தப்பாது. ஒருமுறை வாசித்தவரிடமே, நடுவில் விரல் சொடுக்கு எடுத்தீர்களா என்று கேட்டு ஆளை வெலவெலக்க வைத்தாள். வீட்டில் அவள் கணவர் பிஸ்கட் டப்பாவைத் திறக்க வேண்டுமென்றால் அவள் குளிக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும். மனிதர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், பகலெல்லாம் பிறரை அதட்டியே பிழைப்பவர். வீட்டில் மட்டும் பூனை நடை.

பழைய லேப்டாப்பின் கீல் உடைந்து திரை தொங்கிப்போனதும், முதலாளி புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தான். அவளைவிட ரொம்பச் சின்னவன், அதனால் அவளுக்குத் தம்பி. முதல்முறை திறந்தபோது அந்த லேப்டாப் என்னென்னவோ கேட்டது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை விளக்கு விழுந்த சாலையில் போவதுபோல, ஒன்றையும் படிக்காமல் 'சரி', 'சரி' என்று அழுத்திக்கொண்டே போனார்.

அதே வாரம்தான் ஸ்டேஷன் அண்ணா வேலைக்குச் சேர்ந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலம் முழுக்க, வண்டி தாமதமாக வரும் என்பதையே மாற்றி மாற்றிச் சொன்னவருக்கு, ஒரு நல்ல கதையை ஆற அமர வாசிக்க வேண்டும் என்று தீராத ஆசை. கம்பெனியில் அப்போது பதிவாகிக்கொண்டிருந்ததும் அவர் வாசித்த அந்த ஒரு புத்தகம்தான். முதல் அத்தியாயத்தைக் கேட்ட அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். குரல் அருமை. ஆனால் பெரிய கூடத்தின் நடுவில் நின்று பேசுவதுபோல ஒரே எதிரொலி.

சொன்னதும் அவர் ஜன்னலுக்குப் போர்வை கட்டினார். எதிரொலி போகவில்லை. மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார். அப்படியும் போகவில்லை. கடைசியில் துணி அலமாரிக்குள் ஒரு முக்காலியைப் போட்டு, மனைவியின் உடைகளுக்கு நடுவே குறுகி உட்கார்ந்து, வியர்க்க விறுவிறுக்க வாசித்து அனுப்பினார். அக்காவின் ஹெட்போனில் அந்த அலமாரியும் ஒரு பெரிய கூடமாகவே கேட்டது.

அப்போதுதான் அவள் தீர்ப்பைச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. இது ரூமோட கோளாறு இல்ல. இத்தனை வருஷம் ஸ்டேஷன்ல பேசிப் பேசி, அந்தக் கூடமே உங்க தொண்டையில வந்து உக்காந்துடுச்சு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சொன்னது பாம்புச்செவி ஆயிற்றே. அண்ணா தன் பதிவைத் தானே போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கும் எதிரொலி கேட்க ஆரம்பித்தது. முதலாளித் தம்பியும் தன் போனில் கேட்டுவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றான். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். லேசாக இருக்கிறதுதான் என்று உடனே ஒத்துக்கொண்டான். அடுத்த பதிவும் இப்படியே வந்தால் புத்தகத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னான்.

அன்று சாயங்காலம் அண்ணாவின் மனைவி அக்காவுக்குப் போன் செய்தார். சண்டை போடவில்லை. இவர் இப்போதெல்லாம் வீட்டில் கிசுகிசுவென்றுதான் பேசுகிறார், ஸ்டேஷனை மறக்கப் பழகுகிறாராம், தண்ணீர் கேட்டால்கூடக் காதருகே வந்து கேட்கிறார் என்று சொன்னார். "அந்தக் குரலைக் கேட்டுத்தாம்மா நான் அவரைக் கட்டிக்கிட்டேன்" என்றார். அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இருப்பதை இல்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்?

மறுநாள் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள். அக்காவின் போன் சார்ஜில் கிடந்ததால் லேப்டாப்பிலேயே எடுத்தாள். மகளின் குரலில் எதிரொலி முழங்கியது.

"எங்கேடி இருக்க? ஏதாவது பெரிய ஹாலா?"

"ரூம்லதாம்மா. கை நீட்டினா நாலு சுவரும் இடிக்கும், இதுல ஹால் எங்க?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்ப் போனை எடுத்து மகளை மறுபடி கூப்பிட்டாள். குரல் பளிச்சென்று இருந்தது. ஊரார் பதிவுகளில் எல்லாம் குறை கண்டுபிடித்த தனக்கே ஒரு லேப்டாப் இத்தனை நாள் காது குத்தியிருக்கிறது என்று புரிந்தபோது, அவமானமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மகள் போனிலேயே வழி சொன்னாள். திரையின் மூலையில் இருந்த ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டி அமைப்புகளுக்குள் போனால், 'ஒலி மேம்பாடு' என்று ஒன்று. லேப்டாப் செய்தவர்கள், யாரும் கேட்காமலே உள்ளே போட்டு அனுப்பிய மென்பொருள். அறை, கூடம், அரங்கம் என்று மூன்று வகை வைத்திருந்தது. 'அரங்கம்' என்பதில் நீலமாக ஒரு புள்ளி. கணவர் வாரி வழங்கிய சரிகளில் ஒன்று. அக்கா அதை அணைத்தாள். லேப்டாப்பை மூடித் திறந்தால், உங்கள் ஒலியை மேம்படுத்திவிட்டோம் என்று பல்லை இளித்துக்கொண்டு மறுபடி வந்து நின்றது. லேப்டாப் விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்ளும் ஜாதி என்று மகள் சொன்னாள். அப்படித் தானாக விழித்துக்கொள்பவற்றின் பட்டியலிலிருந்தும் அதை எடுத்தார்கள். மனம் ஆறாமல், கடைசியில் மென்பொருளையே வேரோடு நீக்கினார்கள். நல்லதுதானே செய்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆரம்பித்த கணவர், மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அண்ணா முதன்முதலில், போர்வைக்கும் மெத்தைக்கும் முன்னால் அனுப்பிய பதிவைப் போட்டாள். குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. முதல் வரிக்கு முன்னால் அவர் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்திருந்தார். வழக்கமாக அதை வெட்டச் சொல்வாள். இன்று சொல்ல மனம் வரவில்லை.

கணவர் மெதுவாக ஒரு யோசனை சொன்னார். "அலமாரி ஐடியா பலிச்சிடுச்சுன்னு சொல்லிடேன். உன் பேரும் கெடாது, அவர் வேலையும் போகாது."

நல்ல யோசனைதான். ஒரு நிமிடம் அக்காவுக்குச் சபலம் தட்டியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த மனிதர் ஆயுசுக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து வாசிப்பார், ஆயுசுக்கும் கிசுகிசுவென்று தண்ணீர் கேட்பார். முதலாளித் தம்பிக்கு நடந்ததை முதலில் சொன்னாள். பிறகு அண்ணாவைக் கூப்பிட்டாள்.

துணிகளுக்குள்ளிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது. இன்று எப்படியாவது சரி செய்துவிடுகிறேன் என்று, அவள் கேட்கும் முன்னாலேயே கெஞ்சியது.

"அண்ணா, முதல்ல வெளிய வாங்க. உங்க தொண்டையில ஒரு ஸ்டேஷனும் இல்ல. அது என் லேப்டாப்புல இருந்துச்சு. தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க. நீங்க முதல்ல அனுப்பினதையே அப்படியே போடப்போறோம்."

திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஹேங்கர்கள் உரசின. அலமாரிக் கதவு கிரீச்சிட்டது.

"நிஜமாவாம்மா?" இன்னும் கிசுகிசுப்புத்தான்.

"நிஜமாத்தாண்ணா."

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே, வீடு அதிர அறிவித்தார். "பயணிகள் கவனத்திற்கு. அலமாரியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வண்டி, இன்னும் சற்று நேரத்தில் சமையலறை வந்து சேரும்."

அங்கே ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது. அண்ணாவின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். பாம்புச்செவி அக்கா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்க அவளும் சிரித்துக்கொண்டிருந்ததில், கணவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தது அவள் காதில் விழவே இல்லை.