பர்சென்ட் சார் ஏழையான கதை

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பர்சென்ட் சார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வீடு வீடாகப் போய், வருமானம் எவ்வளவு, கரண்டுக்கும் கேஸுக்கும் செலவு எவ்வளவு என்று கேட்டு எழுதுவது அவர் வேலை. வருமானத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அதற்குப் போனால் அது ஏழை வீடு. கரண்டு பில்லில் பாதி தள்ளுபடி. பத்தைத் தாண்டாவிட்டால் தலைகீழாக நின்றாலும் கிடையாது. பதினோரு வருஷமாக இந்த ஒரு வகுத்தலை வைத்தே பிழைத்தவர், தன்னைக் கணக்குப் புலி என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடும் கணக்கு அது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் முன்னால் ஊழியர்கள் சொந்த வீட்டை வைத்து ஒரு படிவம் நிரப்பிப் பழக வேண்டும். பிறகு 'பயிற்சி' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். புதிதாக வந்தவர்களிடம், "டிக் போட மறந்தவன் இந்த வேலைக்கே லாயக்கில்ல" என்று விரல் நீட்டிச் சொன்னவர் இவர்தான்.

அந்த முறை முதல் வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. மிஷினை வாசல்வரை இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். வருமானம் பத்தாயிரம். கரண்டும் கேஸும் சேர்த்து நானூறு.

"பரவாயில்லையே, ரொம்ப சிக்கனமா இருக்கீங்க," என்று பாராட்டினார்.

"சிக்கனம்லாம் இல்ல சார். பொழுது சாஞ்சா மிஷினை மூடிடுவேன். ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வந்துது. பாதியத் திருப்பிக் குடுத்துட்டேன். பாதி பில்லு குறைஞ்சா விளக்கு போட்டுத் தைக்கலாம். கெடைக்கும்ல?"

நூற்றுக்கு நான்கு. அவளை ஏழையாக்க வழியே இல்லை. ஆனாலும், "பாக்கலாம்மா," என்றார். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அவருக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

தள்ளுபடிப் பட்டியல் வந்தது. அந்தத் தெருவில் ஒரே ஒரு பெயர்கூட இல்லை. அடுத்த பக்கத்தில் பர்சென்ட் சாரின் பெயரே இருந்தது. இரண்டு அறையில் ஏசி, குளிக்க வெந்நீர் மிஷின், மனைவி கேக் சுட ஓவன். முப்பதாயிரம் சம்பளத்தில் மூவாயிரத்து அறுநூறு. நூற்றுக்குப் பன்னிரண்டு. 'பயிற்சி' கட்டத்தில் டிக் போட மறந்திருந்தார்; பழகப் போட்ட படிவம் நிஜக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

தன் பெயரை எடுத்துவிட்டுத் தையல்காரம்மாவைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். மேலதிகாரியம்மா பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "வேணாம்னு எழுதிக் குடுங்க, எடுத்துடலாம். ஆனா அந்தம்மாவைச் சேக்க முடியாது. செலவு பண்ணாதானே கணக்குல வரும்?" என்றார். பதினோரு வருஷம் புதிதாக வந்தவர்களிடம் இதே வார்த்தையை இவரும் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் தையல்காரம்மாவைத் தேடிப் போனார். வெளிச்சம் இறங்கிவிட்டதால் அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"மாசம் எவ்வளவு எரிச்சா சார் நான் ஏழை?"

"ஆயிரத்துக்கு மேல."

"அவ்வளவு இருந்தா உங்ககிட்ட ஏன் சார் கேக்கப்போறேன்?" என்றவள், "சரி, யாருக்குத்தான் கெடைச்சுது?" என்றாள்.

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். பழக்கமில்லாத வேலை, உண்மை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்கு."

அவள் மடித்த துணியை மிஷின் மேல் வைத்தாள். "வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா." பட்டியல் வந்து நான்கு நாளாகியிருந்தது. மிச்சமாகும் பாதி பில் காசில் என்ன வாங்கலாம் என்று மனைவி இரண்டு முறை கேட்டிருந்தாள். இரண்டு முறையும் அவர் பதிலும் சொல்லியிருந்தார். "இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் வேணாம்னு எழுதிடறேன்."

"நல்ல வெளிச்சத்துல ஒக்காந்து எழுதுங்க சார்," என்றாள் அவள். "இருட்டுல எழுதினா கண்ணு கெட்டுடும்."

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.