மீன் இல்லாத புள்ளி

மிக்கேல் அண்ணாச்சி கடைக்கு வந்தபோது அவர் போனின் முதுகு உப்பியிருந்தது. தொட்டால் சுட்டது. திரேஸ்புரத்தில் நான் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன்.

"தம்பி, போன் போனாப் போவுது. உள்ள இருக்குற பேரெல்லாம் போயிரக் கூடாது" என்றார்.

அவர் சொன்னது, மீன்பிடிக்கப் போகையில் கடல் மேப் ஆப்பில் குறித்த இடங்களை. அது ஓப்பன் சோர்ஸ் ஆப். பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது. அதன் தமிழ் உதவிப் பக்கங்களை எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். படிப்பு எட்டாவது. கடையில் ஆட்கள் கேட்பதை எழுதுவேன், அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்கு டைப் அடிக்க வராது. கடலில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு வருவார். கரையில் அவர் மனைவி ரீத்தா அக்கா கதை கேட்டுப் பெயர் அடிப்பார். 'வலை கிழிச்சான்'. 'சண்டை போட்டுட்டுப் போன நாள்'. ஒரு புள்ளியில் மீனே கிடையாது. அதன் பெயர் 'சோறு தின்னுங்க'. அங்கே போனதும் தூக்குச்சட்டியைத் திறக்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. ரீத்தா அக்கா இப்போது இல்லை.

அண்ணாச்சி கையோடு ஒரு புதுப் போனும் வாங்கி வந்திருந்தார். பழைய போனில் ஆப்பின் புது வெர்ஷன் ஏறாது. புதுப் போனில் பழையது ஏறாது. புள்ளிகளை ஃபைலாக்கி மாற்ற வேண்டும். உதவிப் பக்கத்தைத் திறந்தேன். அதில் சொன்ன பட்டன் அண்ணாச்சி போனில் இல்லை. புது வெர்ஷன் ரிலீஸ் ஆனதும் பழைய பக்கத்தை எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். மெனு மெனுவாகத் தேடினால் சூடேறும். நின்றுபோனால் மறுபடி எழாது.

நாசரேத்தில் இருக்கும் ஜெபா என்ற பிள்ளைதான் பக்கங்களை மேற்பார்க்கிறாள். பழையதும் கிடந்தால் ஆட்கள் குழம்புவார்கள் என்பது அவள் கட்சி. அதுவும் சரிதான். போன் போட்டேன். எடுத்த பக்கத்தைத் தேடிப் பிடித்து வரிவரியாக வாசித்தாள். நான் அமுக்கினேன்.

"நில்லுங்கண்ணே. பெயர்கள்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் இல்லன்னா வெறும் புள்ளிதான் வரும்" என்றாள்.

டிக் இல்லை. போட்டேன். ஃபைல் வந்தது. புதுப் போனில் ஏற்றினேன்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கெடக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "போன மாத்துனாலும் அவ வாய் ஓயல" என்றார்.

ஜெபா லைனிலேயே இருந்தாள். என்னவென்று கேட்டாள். சொன்னேன். பழையதை இனி எடுக்க வேண்டாம், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்த வெர்ஷன் என்று போட்டுவிடுவோம் என்றாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரிலீஸ் வந்ததும் பழையதிலிருந்து புதியதற்கு வரும் வழியை முதலில் எழுதுங்கள். புதியதைப் பற்றி அப்புறம் எழுதலாம்.

அப்படி நான் எழுதிய பக்கத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் தேவைப்பட்டது. அண்ணாச்சியைக் கேட்டேன்.

"மீன் கெடக்குற எடத்த எவனுக்கும் காட்டாத. வேணும்னா அத மட்டும் போடு."

ஒவ்வொரு ரிலீஸிலும் மெனு இடம் மாறுகிறது. படத்தைப் புதிதாக எடுத்துப் போடுகிறேன். நடுவில் அதே புள்ளி, 'சோறு தின்னுங்க'.