சித்தப்பா வைத்த சிவப்புப் பொட்டு

சிவப்பு நகப்பூச்சு பாட்டில் ஒன்று சித்தப்பாவின் காருக்குள், கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில் கிடந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். புத்தி எங்கெங்கோ போனது. எங்கள் குடும்பத்துக்கே சந்தேகப் புத்தி. கேட்டதற்கு அவர் குரலைத் தாழ்த்தி, "உங்க சித்தியோடதுதான். பார்ட்ஸுக்கு பொட்டு வெச்சிக்கீறேன்டா. மாத்திட்டான்னா தெரிஞ்சிடும்ல" என்றார்.

பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி அது. செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை மாமல்லபுரத்துக்கு ஏற்றிப் போய்த்தான் அவர் குடும்பம் நடத்தினார். ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஐட்லிங், அதாவது இன்ஜின் சும்மா ஓடும் வேகம், ஏறி இறங்கித் திணறும். திருப்போரூர் மெக்கானிக் பாய் அவருடைய பல வருடச் சிநேகிதர். "இன்ஜினுக்கு காத்து போற த்ராட்டில்ல கரி புட்ச்சிக்கீது அண்ணாத்த. வுட்டுட்டுப் போ, தொடச்சி வெக்கிறேன்" என்றார். ஆனால் வண்டியை விட்டுவிட்டுப் போனால் நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்கள் என்று டாக்ஸி ஸ்டாண்டில் எவனோ சித்தப்பாவின் காதில் ஓதியிருந்தான். பேட்டரிக்கும் ஸ்டெப்னிக்கும் பெயின்ட் பொட்டு வைப்பது எல்லா டிரைவரும் செய்வதுதான். சித்தப்பா ஒரு படி மேலே போனார். வெளியே வைத்தால் பாயும் அதே நிறத்தை வாங்கி வைத்துவிடுவாராம்! வண்டியை ஷெட்டில் விடுவதற்குச் சற்று முன், ஐட்லிங்கைப் பார்த்துக்கொள்ளும் வால்வின் வயர் சாக்கெட்டைப் பிடுங்கி, உள்ளே பொட்டு வைத்தார்.

வேலை முடிந்து வந்த வண்டி முன்பைவிட மோசமாக இருந்தது. ஏசி போட்டால் அணைந்தே போனது. சவாரிக்கு வந்த குடும்பம் பாதி வழியில் இறங்கி வேறு வண்டி பிடித்தது. சித்தப்பா என்னையும் இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், நாலு பேர் முன்னால் கத்தினார்.

"என் வால்வை இன்னா பண்ண?"

"த்ராட்டிலத்தான் தொடச்சேன். வால்வு பக்கமே போவல."

"போவலியா? இப்ப பாரு!" என்று சாக்கெட்டைப் பிடுங்கிக் காட்டினார்.

பொட்டு அங்கேயே இருந்தது. வழிந்து, கரன்ட் போகும் உலோகப் பின்னை மூடிக் காய்ந்திருந்தது. பாய் பிளேடு முனையால் அதைச் சுரண்டிவிட்டு, சாக்கெட்டை மாட்டி ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சீராக ஓடியது. எனக்கு அங்கே நிற்கவே கூசியது. சித்தப்பா அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். "அத்த வுடு அண்ணாத்த" என்று பாய் கையை விடுவித்துக்கொண்டார்.

விட்டுவிட்டார் என்றுதான் நாங்களும் நம்பினோம். முன்பெல்லாம் சாவியை பெஞ்சில் போட்டுவிட்டு இருவரும் தோளில் கைபோட்டபடி டீக்கடைக்குப் போவார்கள். போன மாதம் சர்வீஸுக்குப் போனபோது சித்தப்பா வழக்கம்போல, "வா பாய், டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். பாய் பானெட்டைத் திறந்து, தன் போனில் ஒவ்வொரு பார்ட்டாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னார்:

"நீ எங்கியும் போவாத அண்ணாத்த. இங்கியே நின்னுகினு பாரு. நீ பாக்காம நான் ஒரு நெட்டுகூட கழட்ட மாட்டேன்."