கிண்ணம் குடித்த உப்பு

கரிக்கை என்று அவளுக்குப் பேர் வைத்தது அக்காவின் மாமியார். அந்த அம்மாளுக்கு இவள் வேற்று ஆளில்லை, கூடப்பிறந்த அண்ணன் பெற்ற இரண்டாவது மகள். மூத்தவளைத்தான் மருமகளாகக் கொண்டுபோயிருந்தாள். ஆகவே அக்காவின் புருஷன் இவளுக்கு எந்த வழியில் பார்த்தாலும் அத்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அத்தானின் பழைய இரும்புக் கடைக்கு ஓடுவாள். குப்பையில் கிடக்கும் டார்ச் லைட் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதே கையோடு சாப்பாட்டுக்கு வந்து நிற்பாள். "வந்துட்டா பாரு கரிக்கை, போய்க் கழுவிட்டு வாடி" என்று அத்தை விரட்ட விரட்ட அந்தப் பேரே நின்றுவிட்டது.

வளர்ந்து, பொருளறிவியல் படித்து, டாக்டர் பட்டமும் வாங்கி, ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிறகும் அவள் தோண்டியது அதே மாதிரித் தூளைத்தான். செத்த பேட்டரிக்குள் இருக்கிற தூள். உறவுக்காரர்களுக்கு அந்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"டாக்டரம்மா, இது சார்ஜே நிக்க மாட்டேங்குது. ஒரு ஊசி போட்டு விடேன்" என்பாள் சின்ன மாமனின் சம்சாரம்.

"ஊசிக்கெல்லாம் அடங்காது அத்தை, உங்க போனு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. பக்கத்துல இருந்து நல்லா பாத்துக்கோங்க" என்பாள் இவளும் சளைக்காமல்.

அத்தானுக்கு மட்டும் ஒருநாள் உட்கார்ந்து விளக்கிச் சொன்னாள். "இந்தத் தூளை ஒரு வீடுன்னு வச்சுக்கோங்க அத்தான். லித்தியம்னு ஒண்ணு இருக்கு, அதுதான் குடித்தனக்காரன். பேட்டரி பழசாச்சுன்னா குடித்தனக்காரன் கொஞ்சம் கொஞ்சமா காலி பண்ணிட்டுப் போயிடுறான். வீடு அப்படியே நிக்குது. எல்லாரும் என்ன பண்றாங்க? நல்ல வீட்டை ஆசிட்ல போட்டு இடிச்சு, செங்கல் செங்கல்லா பிரிச்சு எடுக்கறாங்க. நான் இடிக்க வேண்டாங்கறேன். லித்தியம் உப்பைக் கலந்து சூளையில வச்சா குடித்தனக்காரன் திரும்பி வந்துடுவான்."

"வாடகை பாக்கி வச்சிட்டு ஓடினவன் திரும்பி வருவானா?" என்று கேட்டுச் சிரித்தார் அத்தான். ஆனால் அன்றைக்கே விஷயம் அவர் மண்டைக்குள் இறங்கிவிட்டது.

அந்தக் குடித்தனக்காரனை வரவழைக்கத்தான் அவளுடைய நல்ல வயதெல்லாம் போயிற்று. தரைக்குக் கீழே ஓர் அறை. ஒரு மூலையில் சூளை, இன்னொரு மூலையில் கைவிட்டு வேலை செய்யும் கண்ணாடிப் பெட்டி, தலைக்கு மேலே ஓயாமல் இரையும் காற்றாடி. பேட்டரியைக் காலியாக்கி, பிளந்து, தகட்டிலிருந்து தூளைச் சுரண்டி, சலித்து, உப்பைக் கலந்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் போட்டுச் சுடுவாள். ஆறியதும் அந்தத் தூளில் புது பேட்டரி செய்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பாள். தாங்காது. வேறு பக்குவத்தில் மறுபடி சுடுவாள். இரண்டு இடத்திலிருந்து வரன் வந்தது, இரண்டும் தட்டிப்போனது. அப்பா படுத்த படுக்கையான சமயத்தில்கூட சூளையை அணைத்துவிட்டுத்தான் வந்தாள் என்று சின்ன மாமனுக்கு இன்றைக்கும் அவள்மேல் தாங்கல் உண்டு.

ஒருவழியாகத் தாங்கியது. பழைய தூளில் செய்த பேட்டரி புதுத் தூளில் செய்ததற்கு ஈடுகொடுத்தது. மறுபடி சுட்டாள், மறுபடியும் சரியாக வந்தது. ஆய்வுக்கூடத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பேட்டரித் தூள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை, தங்கள் சூளையில் செய்துகாட்டினால் எடுத்துக்கொள்கிறோம் என்று முன்வந்தது.

சேதி கேள்விப்பட்ட அத்தான் கரிக்கையைத் தேடி ஆய்வுக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"நிச்சயமா ஆகுமா? ஆகும்னா நான் இரும்பை விட்டுட்டு இதுல இறங்கறேன். பழைய பேட்டரி பூரா நான் சேத்துக் குடுக்கறேன்."

"ஆகும் அத்தான்" என்றாள் கரிக்கை. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள்.

இரும்புக் கடையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அத்தான் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையைப் பிடித்தார். வண்டி வண்டியாகப் பழைய பேட்டரி வந்து இறங்கியது. சுவரோரமாக அடுக்க ஆரம்பித்தது, பிறகு நடக்க வழியில்லாமல் குவிந்தது.

தொழிற்சாலைச் சூளையில் தூள் செத்தே வந்தது. சூட்டைச் சரிபார்த்தாள், காற்றை மாற்றினாள், உப்பை வேறு இடத்தில் வாங்கினாள். ஊகூம். அதே தூளைத் தன் அறைக்குக் கொண்டுவந்து சுட்டால் உயிரோடு வரும். அங்கே போனால் சவம். தொழிற்சாலைக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை, அதற்குமேல் இல்லை என்று நாள் குறித்துவிட்டார்கள்.

அக்கா போனில் அழுதாள். "கொட்டாய்க்குள்ள கால் வைக்க முடியல. வெயில் ஏற ஏறத் தகரம் அடுப்பா கொதிக்குது. நேத்து ஒண்ணு உப்பிப்போய்ப் புகைஞ்சுதுடி. மண்ணை அள்ளிப் போட்டோம். இந்த மனுஷன் வாசல்லயே பாய் போட்டுப் படுத்துக் கிடக்கறாரு. எப்பத்தான் எடுத்துக்குவாங்க?"

"சீக்கிரம் அக்கா" என்றாள். வேறென்ன சொல்வது?

அந்த வாரம்தான் கை நழுவி ஒரு கிண்ணம் உடைந்தது. அலமாரியிலிருந்து புதுக் கிண்ணம் ஒன்றை எடுத்து, மற்றவற்றோடு சேர்த்துச் சூளையில் வைத்தாள். பழைய கிண்ணங்களில் இருந்த தூள் நன்றாக வந்தது. புதுக் கிண்ணத்துத் தூள் மட்டும் செத்து வந்தது.

கரிக்கை புதுக் கிண்ணத்தையும் பழையது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் எதையும் தூக்கிப் போடாதவள். வீணாக்கக் கூடாது என்பதையே தொழிலாக வைத்திருப்பவள் கிண்ணத்தை மட்டும் வீசுவாளா? வந்த நாளிலிருந்து அதே கிண்ணங்களைத்தான் தேய்த்துத் தேய்த்துப் புழங்கிக்கொண்டிருந்தாள். தோற்றுப்போன ஒவ்வொரு சூட்டிலும் அவை லித்தியம் உப்பைக் குடித்திருக்கின்றன. குடித்து நிறைந்த பிறகு, போட்ட உப்பு தூளுக்கே போய்ச் சேர்ந்தது. போதாததற்குக் கிண்ணமும் கொஞ்சம் கக்கியது. புதுக் கிண்ணம் தாகத்தோடு இருக்கிறது, தூளுக்கு விடாமல் தானே குடித்துக்கொள்கிறது. தொழிற்சாலைச் சூளையில் வைக்கும் புதுப் பீங்கான் தட்டுகளும் அப்படித்தான். அவள் முறை ஜெயித்ததாக ஊரெல்லாம் சொன்னது, உண்மையில் கிண்ணத்தின் காரியம்.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"நல்லது. பழைய கிண்ணத்தையே எடுத்துட்டுப் போங்க. அவங்க பாக்கப்போறது தூளை. கிண்ணத்தை இல்ல. முதல்ல கையெழுத்து ஆகட்டும், பிறகு நிதானமா சரிபண்ணிக்கலாம்."

"சரிபண்ண முடியலன்னா?"

"இந்த அறையை மூடிடுவாங்க. அதையும் யோசிச்சுக்கோங்க."

குறித்த நாளில் அத்தான்தான் தன் சரக்கு வண்டியில் அவளைத் தொழிற்சாலைக்கு அழைத்துப்போனார். மடியில் பை. பைக்குள் துணி சுற்றிய பழைய கிண்ணங்கள். அத்தான் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அத்தான் வண்டியை ஓரங்கட்டினார்.

"இந்தக் கிண்ணத்துல வச்சா இன்னைக்கு நல்லா வரும்?"

"வரும்."

"அப்போ அதுல வையி."

"நாளைக்கு அவங்க தட்டுல வராது அத்தான்."

"நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பாத்துக்கறேன்மா. என் சரக்கை எடுத்துக்கிட்டாங்கன்னா போதும். உன் அக்கா தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?" பிறகு, முன்னால் போகும் வண்டிகளைப் பார்த்தபடி சொன்னார், "உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

உண்மைதான், கேட்டதில்லை. படிக்கும்போது விடுதிக்குச் சோப்பு முதற்கொண்டு வாங்கிக் கொடுத்தவர்.

உள்ளே போன கரிக்கை, தூளை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியைத் தன் கிண்ணங்களில் போட்டாள். மறுபாதியைத் தொழிற்சாலையின் புதுத் தட்டில் போட்டாள். இரண்டையும் ஒரே சூளையில் வைத்தாள். காரணத்தை ஒளிக்காமல் காட்டினால், சரிசெய்ய அவகாசமாவது தருவார்கள் என்று ஒரு நப்பாசை.

செய்து பார்த்த பேட்டரிகளில் ஒரு பாதி உயிரோடு இருந்தது, ஒரு பாதி செத்திருந்தது. அவள் காரணத்தைச் சொன்னாள். சூளை அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"எங்க தட்டு நாலு சூட்டுக்கு மேல தாங்காது மேடம். விரிசல் விட்டுடும், வேற தட்டு போடணும். வர்ற தட்டுக்கெல்லாம் உப்பைக் குடிக்கக் கொடுத்தா, அந்த உப்புல நாங்க புதுத் தூளே பண்ணிடலாமே?"

"கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா..."

"நேர்மையா சொன்னீங்க, சந்தோஷம்" என்று அவர் எழுந்துவிட்டார்.

வெளியே வந்த அவள் முகத்தைப் பார்த்ததுமே அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியைக் கிளப்பினார்.

அந்தச் சரக்கை அப்படியே வைத்திருக்கவும் முடியாது, குப்பையில் கொட்டவும் முடியாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தைச் சாகடித்தால்தான் நெருப்புப் பயம் தீரும். ஆசிட் கம்பெனிக்காரன் அதற்குப் பிறகுதான் அள்ளுவானாம், அதுவும் அள்ளுகூலி வாங்கிக்கொண்டு. மறுநாள் கரிக்கை கொட்டகைக்குப் போனாள். வா என்று யாரும் சொல்லவில்லை. அக்கா ஒரு ரப்பர் கையுறையைத் தூக்கி அவள் காலடியில் போட்டாள். மூன்று பேரும் டிரம்களில் தண்ணீர் நிரப்பினார்கள். பேட்டரிகள் உள்ளே விழுந்து குமிழி விட்டன. துருவும் வேறேதோ நெடியும் கலந்து தொண்டையை அறுத்தது.

அத்தான் அக்காவிடம், "அவளை அந்தப் பக்கம் நகரச் சொல்லு" என்றார். கரிக்கை கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"நகரணுமாம்" என்றாள் அக்கா.

நகர்ந்தாள். நகர்ந்த இடத்தில், குவியலின் அடியிலிருந்து ஒரு பேட்டரியை உருவினாள். கையுறையைத் தாண்டிச் சுட்டது. பக்கத்தில் கிடந்ததைத் தொட்டாள், அதுவும் சுட்டது.

"அக்கா, அவர்கிட்ட சொல்லு. அடியில இருக்கறது சூடேறிக் கிடக்கு. மேல இருக்கறதை விட்டுட்டு இதைத்தான் முதல்ல எடுக்கணும்."

அக்கா தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவள் சொல்வதற்கு முன்பே அத்தான் காதில் விழுந்துவிட்டது. குவியலின் மேலே இருந்ததை இரண்டு கையாலும் வாரி ஓரமாகத் தள்ளினார். மண்டியிட்டு அடியிலிருந்து சூடானவற்றை உருவி, அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய டிரம்மில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.