மிஸ்ஸி வீட்டு இத்தாலிய வயலின்

கண்டிக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றுவார்கள், தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், பேராதனைப் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். நானும் தங்கையும் ஆவணியில், பெரஹரா ஊர்வலம் முடிந்த அடுத்த கிழமை, ஒரு வயலினைப் பார்க்கப் போனோம். வாத்தியம் தேடிப் பயணம் போகிறவர்கள் நம்மிடையே அதிகம் இல்லைதான். இருந்தாலும் யாராவது ஒருவருக்கு இது உதவக்கூடும்.

என் தங்கை வானதி கொழும்பில் வயலின் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் பிழைப்பவள். போன வருடம் ஒரு வெளிநாட்டு இசைக்குழுவின் தேர்வுக்குப் போய்விட்டு வந்தாள். விரலில் பிழை இல்லை, வாத்தியத்தின் குரல்தான் கடைசி வரிசை வரை எட்டவில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேர்வு வருகிற தை மாதம். அவளுக்கு இப்போது முப்பத்தொரு வயது. இதற்குப் பிறகு வயது எல்லை தாண்டிவிடும். அவளிடம் இருப்பது தொழிற்சாலையில் செய்த சாதாரண வயலின். அதை வைத்துக்கொண்டு மறுபடி போனால் மறுபடி அதே மரியாதைதான் கிடைக்கும்.

வயலின் உலகத்தில் 'நவீன இத்தாலியன்' என்று ஒரு வகை இருக்கிறது. நவீனம் என்றதும் நேற்றுச் செய்தது என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னர் தூரின், மிலான் போன்ற ஊர்களில் கையால் செய்யப்பட்டவற்றைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கும் முந்திய பழைய இத்தாலிய வயலின்களைக் கோடீஸ்வரர்களும் அருங்காட்சியகங்களும் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். மேடையில் வாசித்துப் பிழைக்கிறவர்களின் கைக்குக் கொஞ்சமாவது எட்டுவது இந்த வகைதான். சேகரிப்பாளர்களும் இப்போது இதைத்தான் துரத்துகிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது வார்னிஷை. செய்தவன் பூசிய வார்னிஷ் அப்படியே இருந்தால்தான் வயலினுக்கு மதிப்பு. போனால் போனதுதான், வேறு யார் பூசினாலும் அது திரும்பி வராது.

அப்படி ஒன்று மடவளைக்கு அருகே ஒரு குன்றில் இருக்கிறது என்று வானதியோடு வாசிக்கும் ஒருவர் சொன்னார். அவருடைய இசை ஆசிரியருக்கு, கண்டியில் இருந்த ஓர் இத்தாலியப் பாதிரியார் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன வயலினாம். ஆசிரியர் காலமாகி எட்டு வருடம். ஆசிரியர் இருந்த காலத்தில் எடுத்த படங்களை அந்த நண்பர் காட்டினார். தேன் நிறத்துக்கும் செம்பு நிறத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். வானதி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சாப்பாட்டு மேசையில் குழம்பு ஆறும் வரை பார்த்தாள். ஆசிரியரின் மனைவி அதை விற்கச் சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை: எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு தொகை திரட்டினோம். எவ்வளவு என்று எழுத மாட்டேன், வயிற்றெரிச்சல்.

கொழும்பு கோட்டையிலிருந்து காலை ஆறரைக்குக் குளிர்சாதன பஸ். ஆளுக்கு எண்ணூற்றைம்பது ரூபா. நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர்தான், ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறி படுத்துவிட்டதால் நான்கு மணித்தியாலம் பிடித்தது. வானதி தன் வயலினைக் கொண்டுவரவில்லை. தன்னுடைய வில்லும் ஒரு சோடி புதிய தந்திகளும் மட்டும்தான். "வரேக்க கையில ரெண்டு பெட்டி தூக்க ஏலாது அண்ணா" என்றாள். அவ்வளவு நம்பிக்கை.

கண்டியில் மழை. பெரிய மழை என்றாலாவது ஒதுங்கி நின்று பார்க்கலாம், இது நிற்கவும் இல்லை, பெய்யவும் இல்லை. மடவளைக்கு பஸ் இருக்கிறது, பத்துக் கிலோமீற்றர்தான். வில் நனைந்துவிடுமோ என்று அவள் பதறியதால் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஆயிரத்து இருநூறுக்கு ஒரு த்ரீவீலர் பிடித்தோம். ஓட்டுநர் மடவளைக்காரர். விலாசத்தைச் சொல்லி முடிக்கவில்லை.

"மிஸ்ஸி ஊடா? எங்கட வாப்பாக்குக் கடசி வரைக்கும் ஊசி போட்டது அவங்கதான். ஏறுங்க அண்ணன். மேல ரோட்டு சறுக்கும், கடசித் துண்டு நடக்கத்தான் ஈக்கி."

ஆசிரியரின் மனைவி ராசம்மா ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான். கட்டுகஸ்தொட்டைப் பாலத்தைத் தாண்டி, மகாவலி கலங்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு போனோம். கடைசி இருநூறு மீற்றர் நடை. படிகளில் பாசி, கைபிடிக்கக் கம்பியும் இல்லை. ஓட்டுநர் கீழேயே காத்திருப்பதாகச் சொன்னார்.

"வாங்க தம்பி, வாங்க மகள். ஐயோ, நனைஞ்சிட்டீங்களே" என்று துவாயை நீட்டினார் மிஸ்ஸி. நெற்றியில் திருநீறு மட்டும். வீடு ஆஸ்பத்திரி வார்டைப் போலச் சுத்தமாக இருந்தது. கதிரை நான்கும் சுவரோடு வரிசையாக, மேசை விரிப்பில் ஒரு மடிப்பு இல்லை. இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொடுத்தார். கணவர் காலமான வருடமே ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து வயலினைக் கேட்டாராம். வாசிக்கத் தெரியுமா என்று இவர் கேட்க, கண்ணாடி அலுமாரியில் வைக்கத்தான் என்று அவர் சொல்ல, தேநீரோடு அனுப்பிவிட்டாராம்.

"வாசிக்கிறவங்க கைக்குத்தான் போகணும்னு சொல்லிட்டுப் போனாரு. நல்லா வாசிக்கிறவங்க கைக்கு" என்றார்.

வயலின் சாமி அறையில் இருந்தது. குத்துவிளக்குக்குப் பக்கத்துத் தட்டில், பட்டுத் துணி விரித்து, பெட்டிக்கு வெளியே. இரண்டு கையாலும் எடுத்து வந்து வானதியின் மடியில் வைத்தார்.

எனக்கு வயலினைப் பற்றி அவ்வளவு தெரியாது. எனக்கே தெரிந்தது. தலையின் சுருளில், தோள் இரண்டிலும், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே, வட்டம் வட்டமாக வார்னிஷ் போய், மரம் வெளுத்துத் தெரிந்தது. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் குங்குமம் ஊறிய கறை. விளக்குப் பக்கம் இருந்த விளிம்பில் பலகை ஒட்டு விட்டு, நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. படத்தில் பார்த்த நிறம் அந்த வட்டங்களுக்கு இடையில்தான் மிச்சம் இருந்தது.

மிஸ்ஸி எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் வியந்துபோய் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"எட்டு வருஷமா கண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன். ஒரு தூசி இருக்காது. சரஸ்வதி பூசைக்கு பூசை, ஸ்பிரிட்டுல பஞ்ச நனைச்சு, பழைய பொட்டு போற வரைக்கும் தொடைச்சிட்டுத்தான் புதுசு வைப்பேன். ஆஸ்பத்திரிப் பழக்கம், விடமாட்டேங்குது." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "அவரு இருந்தப்ப பெட்டிக்கு மட்டுந்தான் பொட்டு. இத தொடவே விடமாட்டாரு. அவரு போனப்பறம், பாவம், இதாவது பொட்டோட இருக்கட்டுமேன்னு நான்தான் வைக்க ஆரம்பிச்சேன்."

ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட். வார்னிஷைக் கரைக்க அதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. நான் வாயைத் திறந்தேன். வானதி என் காலை மிதித்தாள், நன்றாகவே மிதித்தாள்.

பழைய தந்திகளைக் கழற்றி, புதியதைப் போட்டு, பிருடையைத் திருகிச் சுருதி சேர்த்தாள். அவருக்குப் பிடித்தது மோகனம் என்று மிஸ்ஸி சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வானதி வில்லை வைத்தாள். முதல் இரண்டு ஸ்வரங்களுக்கு அந்தச் சின்ன வீடு நிறைந்துவிட்டது. அப்படி ஒரு குரலை நான் அவள் கையிலிருந்து கேட்டதே இல்லை. மூன்றாவது ஸ்வரத்தில் திறந்திருந்த ஒட்டு அதிரத் தொடங்கியது. ஈ ஒன்று உள்ளே அகப்பட்டதைப் போல ஓர் இரைச்சல். அவள் வில்லை மெதுவாக்கினாள், அழுத்தினாள், மேலே போனாள், கீழே வந்தாள். இரைச்சல் விடவில்லை.

மிஸ்ஸி கண்ணைத் திறந்தார். "அவரு வாசிக்கிற மாதிரி இல்லையே மகள்" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை, கவலையான குரல். "ஏதோ கரகரன்னுதே. வயலின்ல ஏதும் கோளாறா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ஒட்டை நல்ல கைக்காரர் ஒருவர் ஒட்டிவிடுவார். வார்னிஷ் போனாலும் குரல் போகாது, மேடையில் யாரும் பொட்டு அடையாளத்தை எண்ணப்போவதில்லை. தங்கைக்கு வேண்டியது குரல்தான். அது அங்கேதான் இருந்தது, நான் காதால் கேட்டேன்.

"இல்லையம்மா" என்றாள் வானதி. "வயலின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இதில இன்னும் கை வரேல்ல."

மிஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சுக்காதீங்க மகள். நீங்க நல்ல பிள்ளை, பாத்தாலே தெரியுது. ஆனா அவரு சொல்லிட்டுப் போயிட்டாரே, நான் என்ன செய்வேன்? இன்னும் ரெண்டு மூணு வருஷம் நல்லாப் பழகிட்டு வாங்க. யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்." பிறகு வயலினைத் தன் சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

படி இறங்கும்போது நான் பொரிந்து தள்ளினேன். தேர்வு போகிறது, வயலின் போகிறது, இனி வருடா வருடம் அந்த மனிசி ஸ்பிரிட் போட்டு மிச்சத்தையும் துடைத்து எடுக்கப்போகிறாள், நீ வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளைப் பட்டம் வாங்குகிறாய் என்றேன். த்ரீவீலரில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை.

"எட்டு வருசமா அவ அதைப் புருசன் எண்டுதானே துடைச்சவ" என்றாள் வானதி. "நீங்கள்தான் பழுதாக்கினீங்கள் எண்டு ஆர் அண்ணா சொல்றது?"

"நான் சொல்லுவன்."

"சொல்லாதேங்கோ."

கட்டுகஸ்தொட்டைப் பாலத்தில் வாகன நெரிசல். அங்கேதான் அழுதாள். ஓட்டுநர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கண்டியில் இறங்கியபோது காத்திருந்ததற்குத் தனிக் காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினோம், வீடு வர ஒன்பதரை தாண்டிவிட்டது. தையில் அவள் தன் பழைய வயலினோடுதான் போகப்போகிறாள்.

யோசித்துப் பார்த்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒரு பொருளைக் கெடுக்க வெறுப்பு வேண்டியதில்லை, அளவில்லாத கவனமே போதும் என்று அந்தச் சாமி அறையில் கண்டேன். தங்கை செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஆவணியில் குடையும் பிடிமானமுள்ள செருப்பும் இல்லாமல் அந்தப் பக்கம் ஏறாதீர்கள். மடவளைக்கு பஸ்ஸே போதும், மழை என்றால் மட்டும் த்ரீவீலர், அதுவும் பேசி ஏறுங்கள். சாப்பாட்டை மடவளைச் சந்தியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. வயலின் வாங்கப் போகிறவர்கள் போன மாதம் எடுத்த படத்தைக் கேளுங்கள். முக்கியமாக, உங்கள் பழைய வயலினையும் கூடவே தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் கை எப்படிப்பட்டது என்று காட்ட வேண்டி வரலாம். வீட்டில் வாத்தியம் இருந்தால் பூசைக்குப் பெட்டியில் பொட்டு வையுங்கள், சரஸ்வதி கோபிக்க மாட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நவராத்திரி வந்துவிட்டது. வானதி வகுப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து நேற்று மிஸ்ஸிக்குப் போன் எடுத்தேன். என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்றெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"தம்பியா? நூறு ஆயுசு உங்களுக்கு" என்றார். "நாளைக்குப் பூசை. இப்பதான் ஸ்பிரிட்டுப் போத்தல எடுத்து வெளிய வச்சேன். சந்தனம் நானே அரைச்சிட்டேன். அந்தப் பிள்ளை மொகம் கண்ணுலயே நிக்குது தம்பி. அதுக்குக் கை வரணும்னு இந்தத் தடவ ஒரு பொட்டு கூடுதலா வைக்கப்போறேன், தாடைய வைப்பாங்களே, அந்த எடத்துக்குப் பக்கத்துல. பேரு வானதி. நட்சத்திரம் என்னாங்க?"

"உத்தரட்டாதி அம்மா" என்றேன்.